அத்தியாயம் 7: பூட்டிய வீட்டுக்கும் கணக்கு உண்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் பேட்டி எடுத்த வீடுகளின் பட்டியல் கையில் இருக்கிறது. அதே வீடுகளில், அதே ஆட்களிடம், அதே கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். முதல் வீட்டில் ஆள் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் பெரியவர் இறந்துவிட்டார், மகன் பதில் சொல்கிறார். மூன்றாவது வீட்டில் பூட்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டியிடம் விசாரிக்கிறீர்கள்.

“அவுக திருப்பூருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு தாயி. தைப் பொங்கலுக்கு வருவாக, ஊர்ப் பொங்கலுக்கு வருவாக. மத்த நாள்ல பூட்டுதான்.”

“போன் நம்பர் எதுவும் இருக்கா பாட்டி?”

“எனக்கெங்க தாயி தெரியும்? அவ தம்பி சத்திரப்பட்டியில பேண்டேஜ் தறியில இருக்கான். அவங்கிட்ட கேளு.”

படிவத்தில் ‘டோர் லாக்’ என்று எழுதிவிட்டு நான்காவது வீட்டுக்கு நடக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். பாட்டி சொன்ன தம்பியைப் பற்றி எங்கும் எழுதுவதில்லை.

பூட்டிய வீடுகளை அடித்துவிட்டு, கதவு திறந்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் என்ன ஆகும்? சொந்த வீட்டுக்காரர்கள், வயதானவர்கள், தென்னந்தோப்போ மாந்தோப்போ இருப்பதால் ஊரை விட்டு நகர வேண்டியிராதவர்கள்: இவர்கள்தான் திறந்திருப்பார்கள். வாடகை வீட்டில் இருந்து வெளியேறியவர்கள், கடன் தாங்காமல் கிளம்பியவர்கள், நல்ல வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போனவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். ஐந்து வருடத்தில் பெரிதாக அசையாத ஊர் என்று உங்கள் அறிக்கை சொல்லும். அசைந்தவர்களை எல்லாம் நாமே வெளியே தள்ளிவிட்டு அப்படிச் சொல்வது பொய்க் கணக்கு.

இல்லாதவர்களுக்கும் சேர்த்து இருப்பவர்களைப் பேச வைக்கும் கணக்குக்கு எடையிடல் என்று பெயர். இதற்கு மென்பொருள் ஏராளம் உண்டு. ஆனால் கடைசிச் சுற்றில் கம்ப்யூட்டர் போடும் எடைக்கு, முதல் சுற்றில் நீங்கள் எழுதி வைத்ததைத் தாண்டி எதுவும் தெரியாது. போனவரைப் பற்றி அவர் போகும் முன்பே என்ன தெரிந்துகொண்டோமோ, அதைக் கொண்டுதான் அவருக்காகப் பேச முடியும். இந்த அத்தியாயத்தை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஊரைத் தொடர்வதா, ஆளைத் தொடர்வதா?

நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். திரட்டியவை 1918இல் புத்தகமாக வந்தன. அந்த ஊர்களில் தென்னாற்காட்டு இருவேல்பட்டு, தஞ்சைப் பாலக்குறிச்சி, வடாற்காட்டு தூசி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் ஆகியவற்றோடு, அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த, இன்று விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிப் பக்கம் இருக்கும் வடமலாபுரமும் ஒன்று. 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறு ஆய்வு நடத்தி, 1940இல் வெளியிட்டார்கள். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மறுபடி போனார்கள். தொண்ணூறு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்கப்பட்ட கிராமங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான்.

இந்த ஆய்வுகள் தொடர்ந்தது ஊரை. 1916இல் அந்த ஊரில் இருந்தவரின் பேரன் எங்கோ போயிருந்தால் அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார், நேற்றுக் குடிவந்தவர் வருவார். ‘ஊர் எப்படி மாறியது’ என்ற கேள்விக்கு அதுதான் சரியான முறை. ‘ஊரில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்’ என்பது வேறு கேள்வி. அதற்கு ஆளைத் துரத்திக்கொண்டு போக வேண்டும். இப்போது தமிழ்நாட்டில் யேல் பல்கலைக்கழகத்தின் பொருளாதார வளர்ச்சி மையம் சம்பந்தப்பட்ட தொடர் ஆய்வு, சுமார் பத்தாயிரம் குடும்பங்களை எடுத்துக்கொண்டு, இரண்டாவது வகைக் கேள்வியோடுதான் தொடங்கப்பட்டது.

அகில இந்திய அளவில் நமக்கு நல்ல உதாரணம் இந்திய மனித வளர்ச்சி ஆய்வு. மேரிலாந்து பல்கலைக்கழகமும் என்.சி.ஏ.இ.ஆர். நிறுவனமும் சேர்ந்து 2004–05இல் 41,554 குடும்பங்களைப் பேட்டி எடுத்தன. 2011–12இல் திரும்பப் போனபோது அவற்றில் 83 சதவீதக் குடும்பங்களைக் கண்டுபிடித்துப் பேசினார்கள். ஏழு வருட இடைவெளிக்கு இது பாராட்டத்தக்க வேலை. அப்படியிருந்தும் ஏறக்குறைய ஏழாயிரம் குடும்பங்கள் கைவிட்டுப் போயின. கிராமத்தை விட நகரத்தில் இழப்பு அதிகம், ஏனென்றால் நகரத்தில் வாடகைக் குடித்தனம் அதிகம்.

ஆகவே திட்டம் போடும்போதே உங்கள் கேள்வி எது என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘இன்றைக்கு வன்னியம்பட்டியில் எத்தனை வீட்டில் கடன்?’ என்றால் இன்றைய ஊருக்குப் பொருந்தும் எடை வேண்டும். ‘அன்றைக்குக் கடன் இருந்தவர்களில் எத்தனை பேர் மீண்டார்கள்?’ என்றால் அன்றைய ஊருக்குப் பொருந்தும் எடை வேண்டும். ஒன்றை மற்றதன் இடத்தில் போட்டால் விடை தப்பும். நல்ல தொடர் ஆய்வுகள் இரண்டையும் தனித்தனிப் பத்தியாகத் தரவில் கொடுத்துவிடுகின்றன.

முதல் எடை: ஒரு வீடு எத்தனை வீட்டுக்குப் பேசுகிறது

பத்து வீட்டுக்கு ஒரு வீடு எடுத்தால் அந்த ஒரு வீட்டின் எடை 10. நம் தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் இதை ‘மல்டிப்ளையர்’ என்பார்கள். எல்லாத் தெருவிலும் ஒரே விகிதத்தில் எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டனில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் 5,362 பேரை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் உடலுழைப்புத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் நான்கில் ஒருவரைத்தான் எடுத்தார்கள், மற்றவர்களை முழுக்க எடுத்தார்கள். ஆகவே அந்த ஆய்வில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒவ்வொருவரும் நான்கு பேருக்குப் பேச வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கிய தொடர் ஆய்வு நேர்மாறாக, குறைந்த வருமானக் குடும்பங்களை வேண்டுமென்றே கூடுதலாக எடுத்தது. அங்கே எடை போடாமல் சராசரி எடுத்தால் நாடே வறுமையில் கிடப்பதாகத் தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். தேர்வாகும் வாய்ப்பே இல்லாத வீட்டுக்கு எந்த எடையும் உதவாது. சி.எம்.ஐ.இ. நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் குடும்ப ஆய்வைப் பற்றி 2021இல் ஜான் த்ரேஸும் அன்மோல் சோமஞ்சியும் ஒரு விமர்சனம் எழுதினார்கள். ஏழைக் குடும்பங்களின் பங்கு அதில் குறைவாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நிறுவனம் அதற்கு மறுப்பு எழுதியது. விவாதத்தில் அடிபட்ட ஒரு விஷயம், கிராமத்தின் முதன்மைத் தெருவிலிருந்து வீடு தேர்வைத் தொடங்கும் முறை. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், நம் ஊர் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மெயின் ரோட்டில் கடை, கோயில், மாடி வீடுகள். காலனி ஊருக்கு வெளியே, சில இடங்களில் ஒரு வயல் தள்ளி. மெயின் ரோட்டில் தொடங்கி எண்ணிக்கொண்டு போகிறவருக்குக் காலனி வருவதற்குள் வேண்டிய எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆகவே முதலில் எல்லா வீட்டையும் நடந்து எழுதுங்கள். காலனியைத் தனிப் பிரிவாக்குங்கள். பிறகு குலுக்கல் போடுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் எண்கள் பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டவை, உண்மை ஊரின் எண்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டியலில் 1,200 வீடுகள். ஊர்த் தெருக்களில் 900, காலனியில் 300. ஊர்த் தெருக்களில் பத்துக்கு ஒன்றாக 90 வீடு எடுக்கிறோம், எடை 10. காலனியில் ஐந்துக்கு ஒன்றாக 60 வீடு, எடை 5. தொண்ணூறைப் பத்தால் பெருக்கினால் 900, அறுபதை ஐந்தால் பெருக்கினால் 300. ஊர் முழுதும் வந்துவிட்டது.

ஐந்து வருடம் கழித்து இரண்டாம் சுற்று. காலனியின் 60 வீடுகளில் 45தான் கிடைத்தன. விழுந்த 15 வீடுகளை மற்ற எல்லார் மேலும் சமமாகப் பரப்பலாமா? பரப்பும் முன் முதல் சுற்றுப் படிவத்தைத் திறந்து பாருங்கள். ‘வீட்டில் யாராவது வெளியூரில் வேலை பார்க்கிறார்களா’ என்று அன்றைக்கே கேட்டிருக்கிறோம். இல்லை என்றவர்கள் 36 வீடு, அவர்களில் 30 கிடைத்தார்கள். ஆமாம் என்றவர்கள் 24 வீடு, அவர்களில் 15 பேர்தான் கிடைத்தார்கள். முதல் பிரிவுக்கு 36ஐ 30ஆல் வகுத்தால் 1.2, எடை 5 இப்போது 6 ஆகிறது. இரண்டாம் பிரிவுக்கு 24ஐ 15ஆல் வகுத்தால் 1.6, எடை 8. சரிபார்க்கலாம்: 30 வீடு × 6 = 180, 15 வீடு × 8 = 120, மொத்தம் 300. ஏற்கெனவே ஒரு கால் வெளியூரில் இருந்த குடும்பங்கள்தான் முழுக்கக் கிளம்புகின்றன. அவர்களைப் போலவே இருந்து இன்னும் ஊரில் இருப்பவர்கள் அவர்களுக்காகப் பேசுகிறார்கள். கேட்க மறந்திருந்தால் இந்தக் கணக்கே இல்லை.

ஊர்த் தெருக்களில் நிலைமை இன்னும் கூர்மையானது. 90 வீட்டில் சொந்த வீடு 70, வாடகை வீடு 20. சொந்த வீட்டுக்காரர்களில் 63 பேர் கிடைத்தார்கள், வாடகைக்காரர்களில் 8 பேர்தான். எடைகள் முறையே 11.11, 25. இப்போது ‘ஐந்து வருடத்தில் தொழில் மாறினீர்களா’ என்று கேட்கிறோம். சொந்த வீட்டார் 63 பேரில் 21 பேர் ஆமாம் என்கிறார்கள், வாடகைக்காரர்கள் 8 பேரில் 6 பேர். எடை இல்லாமல் பார்த்தால் 71இல் 27, அதாவது 38 சதவீதம். எடை போட்டால் 42.6 சதவீதம். நாலரை சதவீதம் சின்ன வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 900 வீட்டில் அது நாற்பது குடும்பம்.

ஆனால் இந்த 25 என்ற எடை என்னை உறுத்துகிறது. எட்டு குடும்பம் இருநூறு குடும்பத்துக்குப் பேசுகிறது. அந்த எட்டில் ஒருவர் தவறான பதில் சொன்னால் 25 வீடு தவறிப்போகும். எடைகள் ஏற்றத்தாழ்வாக இருந்தால் நம் மாதிரியின் பலம் குறையும். அதை அளக்க லெஸ்லி கிஷ் சொன்ன எளிய வழி உண்டு: எடைகளைக் கூட்டி வர்க்கம் எடுங்கள், ஒவ்வொரு எடையின் வர்க்கத்தையும் கூட்டி அதால் வகுத்துவிடுங்கள். இங்கே 71 வீடு சுமார் 63 வீட்டின் பலத்துக்கு இறங்குகிறது.

பிரிவுக்குக் குறைந்தது இருபது, முப்பது பேராவது பதில் தந்திருக்க வேண்டும், எடை இரண்டு மடங்குக்கு மேல் உயரக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பலர் கைக்கொள்ளும் அளவுகோல். எட்டு பேர் அதில் தேறமாட்டார்கள். அப்போது மூன்று வழிகள் சொல்வார்கள். பிரிவுகளைச் சேர்த்துவிடலாம். எடைக்கு உச்சவரம்பு போட்டு, 20க்கு மேல் போகாமல் வெட்டி, மிச்சத்தைப் பிறருக்குப் பகிரலாம். நிறைய விவரம் கையில் இருந்தால் ஒவ்வொரு வீடும் பதில் தரும் வாய்ப்பை லாஜிஸ்டிக் சமன்பாட்டில் கணக்கிட்டு, வீடுகளை ஐந்து அடுக்காக்கி, அடுக்குக்கு ஒரு எடை தரலாம். மூன்றாவது வழி பெரிய ஆய்வுகளுக்கு ஏற்றது. முதல் இரண்டும் எடையை அடக்கும், ஆனால் வாடகைக்காரர்களின் குரலையும் சேர்த்து அடக்கும். நம் அளவு ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பது நான்காவது வழி.

நான்கு வீட்டைத் தேடிப் போங்கள்

1946இல் ஹேன்சன், ஹர்விட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் சொன்ன யோசனை இது. கிடைக்காதவர்கள் எல்லாரையும் தேட உங்களிடம் பணம் இல்லை. சரி, அவர்களிலிருந்து ஒரு பகுதியைக் குலுக்கி எடுத்து, அவர்களை மட்டும் விடாமல் தேடுங்கள். நம் உதாரணத்தில் கிடைக்காத வாடகைக்காரர்கள் 12 பேர். மூன்றுக்கு ஒருவராக நால்வரைக் குலுக்கி எடுக்கிறோம். ஒருவர் ராஜபாளையத்தில் மில் பக்கம் குடியேறியிருப்பார், ஒருவர் கிருஷ்ணன்கோவிலில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் கோவையில். சத்திரப்பட்டித் தம்பியைப் பிடித்தால் திருப்பூர் விலாசம் கிடைக்கும். இரண்டு நாள் பயணம், நான்கு பேட்டி.

இந்த நால்வருக்கும் எடை 10 × 3 = 30. ஏற்கெனவே கிடைத்த எட்டு பேர் தங்கள் பழைய எடையான 10க்குத் திரும்பிவிடுகிறார்கள். 80ம் 120ம் சேர்ந்து அதே 200. நால்வரும் தொழில் மாறியவர்கள் என்று வைத்துக்கொண்டால், ஊர்த் தெருக்களில் தொழில் மாறியவர்கள் சுமார் 46 சதவீதம். எடை போடாமல் 38, எடை போட்டு 42.6, நான்கு பேரைத் தேடிப்போனதில் 46. போனவரும் இருப்பவரும் ஒரே மாதிரி என்ற ஊகம் எங்கே பிசகுகிறது என்று இந்த மூன்றாவது எண்தான் காட்டுகிறது. கடனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிய குடும்பத்துக்கு, அதே தெருவில் நிம்மதியாக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பம் எப்படிப் பேசும்? நாம் கேட்க வந்த விஷயமே ஒருவர் ஊரை விட்டுப் போனதற்குக் காரணமாக இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஊரில் இருந்தும் கையில் சிக்காதவர்கள் வேறு வகை. பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை வேனில் ஏறிவிடுகிறார்கள். மில்லில் ஷிப்ட். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் பெண்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். பகல் பதினொரு மணிக்குப் போனால் உங்களுக்குக் கிடைப்பது முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்தான். மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள், நேரம் மாற்றி மூன்று முறையாவது போங்கள். கிடைத்தவரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டுவைக்கலாம்: ‘போன ஐந்து நாளில் இதே நேரத்துக்கு எத்தனை நாள் வீட்டில் இருந்தீர்கள்?’ இரண்டு நாள் என்றால், இன்றையும் சேர்த்து ஆறில் மூன்று நாள் கிடைப்பவர், அவர் எடையை இரட்டிப்பாக்கலாம். ஒரு நாளும் இல்லை என்றால் ஆறு மடங்கு. பொலிட்ஸ், சிமன்ஸ் இருவரும் 1949இல் எழுதிய முறை இது. ஆறு மடங்கு ஆபத்தான எடை என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஆகவே திரும்பப் போவதற்கு இது மாற்றாகாது, துணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுத்து எண்ணிக்கையை நிரப்பாதீர்கள். எப்போதும் வீட்டில் இருப்பவர்தான் அப்படி உள்ளே வருவார். படிவம் நிறையும், குறை நிறையாது. தொடர் ஆய்வில் இன்னொரு சங்கடமும் உண்டு: பக்கத்து வீட்டுக்கு முதல் சுற்றே கிடையாது.

இறந்தவரும் கட்டிக்கொடுத்த பெண்ணும்

‘கிடைக்கவில்லை’ என்ற ஒரே பெட்டியில் எல்லாரையும் போடுவதுதான் நம் ஆய்வுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. இறந்தவர் பதில் தராதவர் இல்லை. அவர் நம் மக்கள்தொகையை விட்டே போய்விட்டார், அவருக்காக மற்றவர்களின் எடையைக் கூட்டினால் இறந்தவர்களை உயிரோடு எண்ணியதாகும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தொடரும் முதியோர் ஆய்வுகளில் இது முடிவையே புரட்டிவிடும். மறுத்தவர் வேறு, ஊர் மாறியவர் வேறு, விலாசமே தெரியாதவர் வேறு. மறுப்பவர் பெரும்பாலும் வசதியானவர், காணாமல் போனவர் பெரும்பாலும் வசதியற்றவர். இருவருக்கும் ஒரே திருத்தம் போட்டால் ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும். படிவத்தில் தனித்தனி எண் கொடுங்கள்.

பிறகு பிரிந்த குடும்பங்கள். மகன் தனிக்குடித்தனம் போனால் இரண்டு வீட்டையும் தொடருங்கள், பழைய எடையே இரண்டுக்கும் போகும். கல்யாணமாகிப் போன மகளைப் பல ஆய்வுகள் விட்டுவிடுகின்றன. இது பெரிய அநியாயம். ஆண் பிறந்த வீட்டிலேயே இருப்பதும் பெண் வீடு மாறுவதும் வழக்கமாக உள்ள ஊரில், மாறியவரை விட்டுவிடும் விதி இளம்பெண்களைத்தான் வெட்டி எறிகிறது. அவளைத் தேடிப் போனால் எடையில் ஒரு சிக்கல் வரும். உதாரணமாக, எடை 10 உள்ள வீட்டுப் பெண்ணை அதே ஊரில், மாதிரியில் விழாத ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே கணவர், மாமனார், மாமியார். இன்றைய ஊரைப் பற்றிப் பேச அந்த வீட்டையும் சேர்க்கும்போது, நால்வரும் முதல் சுற்றில் தேர்வாகியிருக்கக்கூடியவர்கள், ஆனால் தேர்வானது இவள் ஒருத்திதான். ஆகவே 10ஐ நான்கால் வகுத்து ஆளுக்கு 2.5. பிறகு பிறந்த குழந்தை வகுக்கும் எண்ணில் வராது, ஏனென்றால் முதல் சுற்றில் அது இல்லை. ஆனால் அதே 2.5 எடை அதற்கும் உண்டு. இதை எடைப் பகிர்வு முறை என்பார்கள். அவள் சொந்த வாழ்க்கை மாற்றத்தை ஆராயும்போது மட்டும் அவளுக்கு முழு 10.

மூன்றாம் சுற்றும் அதற்குப் பிறகும்

ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடித்தாலும், ஐந்து சுற்றுகள் கழித்து மிஞ்சுபவர் நூற்றுக்கு 59தான். எடை முந்தைய சுற்றின் எடை மேல் பெருகிக்கொண்டே போகும், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கிஷ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நல்ல செய்தி, நம் ஊரில் போனவர்கள் திரும்புகிறார்கள். இரண்டாம் சுற்றில் பூட்டிக் கிடந்த வீடு மூன்றாம் சுற்றில் திறந்திருக்கலாம். ஒருமுறை விட்டார் என்று பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்காதீர்கள். பொங்கல் வாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நடக்கும் சமயத்தில் ஊருக்கு வந்தவர்களைப் பிடிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள்.

புதிதாக வந்தவர்களுக்குப் பழைய பட்டியலில் இடமே இல்லை. மிச்சிகன் ஆய்வு 1968 பட்டியலை வைத்துக்கொண்டே போனதில், அதற்குப் பிறகு அமெரிக்காவில் குடியேறியவர்கள் விட்டுப்போனார்கள். 1997இல் அவர்களைத் தனியாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. இந்திய மனித வளர்ச்சி ஆய்வும் 2011–12இல் 2,134 புதிய குடும்பங்களைச் சேர்த்தது. ராஜபாளையம் மில் விடுதிகளில் இன்று தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை எந்தப் பழைய எடையாலும் உள்ளே கொண்டுவர முடியாது. இன்றைய நிலவரம் வேண்டுமென்றால் புதிய சிறு மாதிரி ஒன்று எடுத்தே ஆக வேண்டும்.

கடைசிப் படியாக, எடைகளை மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்துவார்கள். இதில் இப்போது நிதானம் தேவை. கைவசம் உள்ள முழுக் கணக்கெடுப்பு 2011க்கு உரியது. அப்போது விருதுநகர் மாவட்டத்தில் 19,42,288 பேர், ஆயிரம் ஆண்களுக்கு 1,007 பெண்கள். அடுத்ததற்குக் குறிக்கப்பட்ட நாள் 2027 மார்ச் 1. இடையில் ஊரில் நடந்த எல்லாம் அந்தப் பழைய எண்ணில் இல்லை. பால், வயது ஆகியவற்றைப் பொருத்தலாம். தொழில், வீட்டு வசதி போல வேகமாக மாறுவதை 2011க்கு வளைத்துவிட்டால், நாம் அளக்க வந்த மாற்றத்தை நாமே அழித்தவர்களாவோம்.

முதல் சுற்றின் கடைசிப் பக்கம்

இத்தனை கணக்கும் தங்கியிருப்பது படிவத்தின் கடைசிப் பக்கத்தில். வீடு சொந்தமா வாடகையா, யார் வெளியூரில், எந்த ஊரில், என்ன வேலையில். வேறு வீட்டில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் போன் எண், முடிந்தால் இரண்டு பேருடையது, அதில் ஒன்று மனைவி வழி உறவாக இருக்கட்டும். மனைவியின் பிறந்த ஊர். எந்தத் திருவிழாவுக்கு ஊருக்கு வருவார்கள். எந்த வேளையில் வீட்டில் இருப்பார்கள். போட்டிருக்கும் பூட்டைப் பற்றியும் எழுதுங்கள்: துருப்பிடித்ததா, வாசல் தெளித்திருக்கிறதா, பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள். இவற்றை எதற்குக் கேட்கிறோம் என்று வீட்டாரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, பெயரும் எண்ணும் உள்ள பக்கத்தைப் பதில்களோடு வைக்காமல் தனியே பூட்டி வையுங்கள். அந்த நம்பிக்கை போனால் அடுத்த சுற்றில் கதவு திறக்காது.

முதல் சுற்று முடிகிற அன்று மாலை, ஊரை விட்டுக் கிளம்பும் முன், எல்லாப் படிவங்களின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். அந்தப் பக்கம் காலியாக உள்ள வீடுகளைத் தனியே எடுத்து வையுங்கள். அன்றைக்கு ஊர் திரும்பாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கி, மறுநாள் அந்த வீடுகளில் ஆள் இருக்கும் வேளை பார்த்து வன்னியம்பட்டி விலக்கில் மறுபடி இறங்கிக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.